எலும்பு இறுகும் முன்னே

செல்போன் அலறியபோது பல் டாக்டரின் இரண்டு கைகளும் ஒரு பேங்க் மேனேஜரின் வாய்க்குள் இருந்தன.

நர்ஸ் போனை அவர் காதோரம் பிடித்தாள்.

"டாக்டர்தானே? இன்ஸ்பெக்டர் பேசறேன். ஒரு வாயைப் பார்க்கணும். வரீங்களா?"

குரல் பெண் குரல்.

"அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க மேடம்."

"அவரால வர முடியாது. செத்துட்டார்!"

"யாரு...?"

"உங்க அக்கா புருஷன்."

டாக்டரின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி நழுவி, மேனேஜரின் நாக்கில் விழுந்தது. மேனேஜர் நல்ல மனிதர். விழுங்கவில்லை.

*

பிணவறை.

இன்ஸ்பெக்டர் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். அங்கேயும்!

"உங்க மாமா என்ன தொழில் பண்ணிட்டிருந்தார் டாக்டர்?"

"சவ வண்டி ஓட்டறார் மேடம். சொந்த வண்டி."

"அந்த வண்டியோட சேர்ந்துதான் எரிஞ்சிருக்கார். கடைசி சவாரிக்கு வாடகை மிச்சம்."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வருமா என்ன?

"ஆக்ஸிடென்டா?"

"கொலை! வண்டி பூரா பெட்ரோல். உங்க அக்கா வீட்டுக் கொல்லைல காலி பெட்ரோல் கேன். முந்தா நாள் புருஷன் பொண்டாட்டி போட்ட சண்டையைத் தெருவே வேடிக்கை பார்த்திருக்கு. புருஷன் பேர்ல கொழுத்த இன்சூரன்ஸ் வேற. அரெஸ்ட் பண்ணியாச்சு."

"ஐயோ மேடம்! எங்கக்கா எறும்பைக்கூட மிதிக்காது! அம்மா போனப்புறம் என்னை வளர்த்ததே அதுதான். தன் வளையலை வித்து என்னைப் படிக்க வெச்சுது!"

"அதெல்லாம் கோர்ட்ல சொல்லுங்க. இப்போ பல்லைப் பாருங்க. மேல்வரிசைல முன்பல் இல்ல, எலும்புக்குள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கு. 'என் தம்பிதான் அவருக்கு ஸ்க்ரூ போட்டான்'னு உங்க அக்காவே அழுதாங்க. உங்க கைவேலைதானான்னு சொல்லிட்டா நான் சாப்பிடப் போயிடுவேன்."

டாக்டர் டார்ச்சை வாங்கிக் குனிந்தார்.

பார்த்தார்.

இன்னும் குனிந்து பார்த்தார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு பிரகாசம். பிணவறையில் யாரும் அப்படிச் சிரிக்கக்கூடாது!

"மேடம்... இது எங்க மாமா இல்ல!"

சூயிங்கம் நின்றது.

"ஸ்க்ரூ இருக்கே?"

"இருக்கறதாலதான் சொல்றேன்! நான் ஸ்க்ரூவே போடல!"

"பின்னே என்னதான் போட்டீங்க?"

"எலும்பு. பல் போய் ரொம்ப நாளானா, தாடை எலும்பு கரைஞ்சு மெலிஞ்சுடும். அதுல ஸ்க்ரூ நிக்காது. அதனால முதல்ல எலும்புத் துகளை வெச்சு, மேல ஒரு சவ்வைப் போர்த்தி, ஈறைத் தைச்சுடுவோம். அது இறுகறதுக்கே மாசக்கணக்காகும். அப்புறம்தான் ஸ்க்ரூ, அதுக்கு மேல பல். ஈர கான்க்ரீட்ல போல்ட் போடுவீங்களா நீங்க?"

"நான் எதுக்குப் போடப் போறேன்?"

"மாமாவுக்கு எலும்பு வெச்சு ரெண்டு வாரம்கூட ஆகல. இந்தாளுக்கு எலும்பும் வைக்கல, தையலும் இல்ல. ஸ்க்ரூ மட்டும் கோணலா நிக்குது. இதை எந்தப் பல் டாக்டரும் போடல மேடம். யாரோ சுவத்துல ஓட்டை போடற மெஷினால போட்டிருக்காங்க!"

"யாரு?"

"மாமாதான்! தனக்கு ஸ்க்ரூ போட்டாச்சுன்னு நினைச்சு, இதைத் தன் பிணம்னு நம்பவைக்க இதுக்கும் ஒண்ணு போட்டிருக்கார். ஆபரேஷன் அன்னிக்கு பயத்துல காதுல பாட்டு மாட்டிக்கிட்டு, கண்ணை இறுக மூடிட்டுப் படுத்திருந்தார். நான் தலைபாடா அடிச்சுக்கிட்டதெல்லாம் அவர் காதுல ஏறவே இல்ல! உயிரோட எங்கியோ இருக்கார். எங்கக்காவைக் கொலைகாரியாக்கிட்டு ஓடிட்டார் பாவி!"

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கதை நல்லாருக்கு. ஆனா நீங்க அவங்க தம்பி. மாமாவை உயிரோட காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

*

ஸ்டேஷனில் கம்பிக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"அக்கா, அழாதே! அது மாமா இல்ல!"

அழுகை சட்டென்று நின்றது.

"என்னடா உளர்றே? அவர்தான்டா அது. என் புருஷனை எனக்குத் தெரியாதா?"

"இல்லக்கா. நான் கண்டுபிடிச்சுட்டேன். மாமாவை எந்தப் பொந்துல இருந்தாலும் இழுத்துட்டு வந்து உன்னை வெளிய எடுக்கறேன்!"

"ஒண்ணும் வேணாம்! கொலைக்கு சாட்சியே இல்ல, விபத்துதான்னு முடிச்சுடலாம்னு வக்கீல் சொல்லிட்டார். நீ போய் உன் வேலையைப் பாருடா கண்ணு."

'அதிர்ச்சியில் பேசுகிறாள்' என்று தம்பிக்காரன் முடிவு கட்டினான். தன் உயிருக்கே ஆபத்து வந்தபோதும், தம்பி அலையக்கூடாது என்கிறாளே! இவளை எப்படிப் போட்டுவிட்டுப் போவது?

*

டாக்டர் யோசித்தார்.

மாமா ஒரு சிகரெட் அணையும் முன்பே அடுத்ததைப் பற்ற வைக்கிற ரகம். எலும்பு வைத்த வாயில் புகை பட்டால் என்ன ஆகும்? தையல் பிரியும்... சீழ் பிடிக்கும்... வலி மண்டையைப் பிளக்கும்!

அப்புறம்? போலீஸுக்குப் பயந்து ஒளியலாம். பல்வலிக்குப் பயந்து எங்கே ஒளிவது?

தெரிந்த பல் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினார்.

'மேல் முன்பல் இடத்தில் எலும்பு வைத்துக் கெட்டுப்போன வாய் வந்தால் உடனே சொல்லவும். சிகரெட் நாற்றம் அடிக்கும். ஊசியைப் பார்த்தால் கத்தும்.'

மறுநாள் மத்தியானம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு லேடி டாக்டர் கிசுகிசுத்தார்.

"டாக்டர்... நீங்க சொன்ன வாய் வந்திருக்கு!"

"கத்தறாரா?"

"ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே!"

"மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைச்சு வைங்க. இதோ கிளம்பிட்டேன்!"

*

இன்ஸ்பெக்டரின் ஜீப் புழுதி பறக்கப் போய் நின்றது. டாக்டர் முதலில் குதித்தார். கிளினிக் கதவைத் தள்ளினார்.

உள்ளே நாற்காலியில் சாய்ந்து கிடந்தார், காலஞ்சென்ற மாமா. வீங்கிய கன்னம். வாய் நிறையப் பஞ்சு.

"செத்தவருக்கு எதுக்கு சார் பல்வலி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா பஞ்சைத் துப்பினார். மரத்துப்போன உதட்டால் எல்லாவற்றையும் கொட்டினார். எரிந்தது யாரும் கேட்டு வராத அனாதைப் பிணம். அடக்கம் செய்யச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதன் பல்லைப் பிடுங்கியதும், மச்சினன் கிளினிக்கில் திருடிய ஸ்க்ரூவை மெஷினால் இறக்கியதும் அவர்தான்.

"பாவி மனுஷா! எங்கக்கா தூக்குல தொங்கியிருக்குமே! ஒரு நிமிஷம் அதை நினைச்சுப் பார்த்தீங்களா?" டாக்டரின் குரல் உடைந்தது.

"என்னைத் திட்டாதே மாப்ளே. ஐடியாவே உங்க அக்காவுதுதான்!"

"வாயைக் கழுவுங்க! அது தெய்வம்!"

"தெய்வம் வெளியதான் உக்காந்திருக்கு. நீதான் பார்க்காம ஓடி வந்துட்டே."

டாக்டர் திரும்பினார்.

வாசல் ஹாலில், ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி... அக்கா!

"நீ... நீ எப்படி இங்க?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"காலைல விட்டுட்டோம் டாக்டர். செத்தது யாருன்னே தெரியாம கொலைக் கேஸ் நிக்காதுன்னு மேலதிகாரி சொல்லிட்டார். சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க ஜீப்புல அக்கா புகழையே பாடிட்டு வந்தீங்களா... குறுக்க பேச மனசு வரல."

அக்கா எழுந்து வந்தாள். தம்பியை முறைத்த முறைப்பில் அந்த ஐஸ் உருகியிருக்க வேண்டும்.

"யாருடா உன்னைக் கேட்டா? நான்தான் அவர்தான் அவர்தான்னு தொண்டை கிழியக் கத்தினேனே! நாலு நாள் உள்ள இருந்திருந்தா, இன்சூரன்ஸ் வந்திருக்கும், வெளிநாடு போயிருப்போம்! இதுக்காடா உன்னைப் பல்லுக்குப் படிக்க வெச்சேன்?"

தம்பியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளைக் காப்பாற்ற ஓடி வந்து, தன் கையாலேயே விலங்கு மாட்டிவிட்டான்.

இரண்டு விலங்குகள் 'க்ளிக்' என்றன.

ஜீப்பில் ஏறும்போது மாமா திரும்பினார். பாவமாகக் கேட்டார்.

"மாப்ளே... அப்போ நிஜமாவே எனக்கு இன்னும் ஸ்க்ரூ போடலியா?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவைப் பார்த்தார். பிறகு நோயாளியைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க மாமா. ஜெயில் ஆஸ்பத்திரிக்கே வந்து திரும்ப எலும்பு வெச்சுடறேன். அங்க சிகரெட் தர மாட்டாங்க... நீங்க வெளிய வர்றதுக்குள்ள கல்லு மாதிரி இறுகிடும்!"