எட்டாம் அறையில் ஆறு பேர்

எட்டாம் நம்பர் அறைக்கு வெளியே ஆறு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. லாட்ஜில் தங்குகிறவர்கள் யாரும் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை. கட்டில் வரைக்கும் போட்டுக்கொண்டு போவார்கள்.

சிவகாசியில் தொழிற்சாலைப் பாதுகாப்புக் கருத்தரங்கு மூன்று நாள். கோயம்புத்தூர், நாக்பூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து ஊரில் ஒரு லாட்ஜிலும் இடமில்லை. மேனேஜர் பாண்டிராஜ் நாலு கட்டில் போட்ட எட்டாம் அறையில் இரண்டு பாயை விரித்து ஆறு பேரை அடைத்திருந்தார். பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்தவர்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தது அவருக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. காலையில் எல்லோரையும் இருக்கன்குடி கோயிலுக்கு வேனில் ஏற்றி அனுப்பியவரும் அவர்தான். அறைச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு பாண்டிராஜ் அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றார். வெயிலில் வெந்த மொட்டை மாடியின் சூடு கீழே இறங்கிக்கொண்டிருக்க, காலையில் துடைத்த பினாயில் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு நெடி, தொண்டையைக் கரகரக்க வைக்கும் பட்டாசு மருந்தின் நெடி, மெல்ல மேலே வந்தது. கதவுக்குப் பின்னால் பலகையில் காகிதம் உருட்டும் சத்தம். சர், சர் என்று நிதானமாக.

பட்டாசுக் குழாய் உருட்டும் அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்பு வரை சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன். அங்கே செருப்பைக் கழற்றாமல் ரூமுக்குள் போகக் கூடாது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரவும் கூடாது. தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தபோது ஐந்து பேரை உட்கார வைத்தார். ஆறாவதாக, பேக்கிங்கில் இருந்த தன் மனைவி கற்பகத்தைக் கூப்பிட்டார். அவள் தயங்கினாள். ஒரு மணி நேரம்தானே என்று அதட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ரூம் வெடித்து, ஆறு பேரும் கருகிப் போனார்கள்.

விசாரணையில், ஐந்தாவது ஆளும் கற்பகமும் தாங்களாகத்தான் போனார்கள் என்று சொல்லித் தப்பித்தார். மகள் சினேகாவிடமும் அதையேதான் சொன்னார். அவள் இன்றுவரை அம்மா படத்துக்கு ஒரு பூ வைத்ததில்லை. சொல்பேச்சு கேட்காமல் போய்ச் செத்தவளுக்கு எதற்குப் பூ என்று ஒருநாள் கேட்டாள். பாண்டிராஜ் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த வெட்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

உருட்டும் சத்தம் நின்றது.

"ஏங்க, நானாவா வந்தேன்?"

கற்பகத்தின் குரல். கதவை ஒட்டி. கொஞ்சமும் கோபமில்லாமல்.

பாண்டிராஜ் கதவில் நெற்றியை வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை.

"இல்ல கற்பகம். நாந்தான் உக்காரச் சொன்னேன். நீ வேணாம்னுதான் சொன்ன."

"அது எனக்குத் தெரியாதா? பிள்ளைகிட்டச் சொன்னீகளா?"

பின்னால் ஒரு விசும்பல். திரும்பினார். கல்லூரி விடுமுறையில் லாட்ஜில் ஒத்தாசைக்கு வந்திருந்த சினேகா, கையில் துவைத்த துண்டுகளோடு படியில் நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டிருந்தாள்.

"அஞ்சு வருசமா அம்மாவத்தானே வஞ்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

பூட்டு அப்படியே தொங்கியது. கதவு திறந்தது.

கட்டில் இல்லை. பாய் இல்லை. தரையில் ஆறு பெண்கள். முகமெல்லாம் அலுமினியத் தூள். கண் இருந்த இடத்திலும் தூள். கற்பகம் பக்கத்துப் பெண்ணை இடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

"அங்கன போகாத தாயி." பாண்டிராஜ் மறித்தார். கையில் துண்டுதான் சிக்கியது.

சினேகா போய் உட்கார்ந்தாள். அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். கற்பகம் அவள் தலையை வருடிக்கொடுத்தாள், மெதுவாக, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல. விரல் பட்ட இடமெல்லாம் கறுத்த முடி சாம்பலாகித் தரையில் உதிர்ந்தது.