பெட்ரோலில் தண்ணீர் இல்லை!

"உன்னாலதான்! எல்லாம் உன்னாலதான்!"

ரோமுலோ மாமா போட்ட கத்தலில், கறி ஏற்றக் காத்திருந்த ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நெய்டிக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

மாமாவின் குட்டி விமானத்தில் எஞ்சின் கிளம்பும். சற்று நேரம் நன்றாக உறுமும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். காலையிலிருந்து இதே கூத்து. மழைக்காலத்தில் பெனி வட்டாரத்தில் சாலை எல்லாம் சேறு. பண்ணைக் கறி நகரத்துக்குப் போக விமானத்தை விட்டால் வேறு வழி கிடையாது. இன்றைக்கு ஈக்கள் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தன.

பீப்பாய் பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றுவது நெய்டியின் வேலை. தண்ணீர் கலந்திருந்தால் தோலிலேயே தங்கிவிடும்.

"தோலை வைக்காமலே ஊத்தியிருக்க. பெட்ரோல்ல தண்ணி! இனிமே விமானத்துப் பக்கமே வராத!"

"நான் ஒழுங்காத்தான் வடிகட்டினேன் மாமா!"

"சின்னப் பிள்ளைகிட்ட வேலையக் குடுத்தா இப்படித்தான்."

என்ன அநியாயம் இது! ஒன்றையும் பார்க்காமலே தீர்ப்பா? நெய்டி ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் ஓடினாள். டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து பெட்ரோலைப் பிடித்து, மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எங்க தண்ணி? காட்டுங்க பார்ப்போம்!"

தண்ணீர் இருந்தால் டம்ளரின் அடியில் தனியாகத் தங்கியிருக்கும். ஒரு சொட்டுகூட இல்லை.

அவள் அம்மா எல்வாதான் அங்கே மெக்கானிக். "பிளக் எல்லாம் நல்லா இருக்குண்ணா. பிள்ளைய ஏன் திட்டுற?" என்றாள், எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே.

மாமா விடவில்லை. காலையிலிருந்து செய்வதுபோலவே மறுபடியும் இறக்கைமேல் ஏறி டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது.

நெய்டி காதைத் தீட்டிக்கொண்டாள். "அம்மா, மூடியத் திறந்தா காத்த உறிஞ்சுது. அதுக்கப்புறம்தான் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடுது. பால் டின்ல ஒரே ஓட்டை போட்டா பால் இறங்காதே, அந்த மாதிரியா?"

அம்மாவின் கை நின்றது. "காத்துக் குழாயப் பாருடி!"

நெய்டி இறக்கைக்கு அடியில் குனிந்தாள். டேங்க்குக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சோளத்தக்கைத் துண்டு இறுக்கமாக அடைத்திருந்தது!

குழாயில் குளவி மண்கூடு கட்டாமல் இருக்க, ராத்திரியில் தக்கை வைத்து அடைப்பது அங்கே வழக்கம். காலையில் எடுத்துவிட வேண்டும். தன் விமானத்தில் அந்த வேலையை மாமா வேறு யாரையும் செய்யவிடமாட்டார்.

நெய்டி அதைப் பிடுங்கி எறிந்தாள். எஞ்சின் கிளம்பியது. அரைமணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. அம்மாதான் அதை அணைத்தாள்.

"மேல போனப்புறம் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்ணா?" என்றாள் அம்மா.

மாமா தன் செருப்பைப் பார்த்து முணுமுணுத்தார். "மறந்துட்டேன் போல. சரி சரி, கறிய ஏத்துங்க."

நெய்டி விமானக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைத் திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சு மாமா. இது யாருக்குமே கேக்கல."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார்.

"தப்பு என்னோடது! நெய்டி ஒழுங்காத்தான் வடிகட்டினா!" மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. "போதுமாம்மா?"

"போதும்," என்று வழிவிட்டாள் நெய்டி. "அடுத்த பீப்பாயத் திறங்க மாமா. தோலை நான்தான் பிடிப்பேன்."