பதினொன்றாவது இடம்

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்ததும் புது மையின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, வெகுநாள் சன்னல் திறக்காத அறையின் வாடை. எங்கோ முகர்ந்ததுதான் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தாளை விரித்தாள்.

'நம் நகரில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்.' சுற்றுலா அலுவலகத்துக்காக இருபத்தாறு வருடங்களாக அவள்தான் எழுதுகிறாள். கோட்டை வாசல், மணிக்கூண்டு, பழைய சிறை, படகுத்துறை, அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தில் பொருள்களுக்கு முன்னால் நிற்கும் அட்டைகளும் அவள் கைப்பட எழுதியவை: பெயர், கீழே ஒரு வரி. கண்ணால் பார்க்காத எதையும் அவள் எழுதியதில்லை.

கடைசிப் பக்கத்தில் பத்துக்குக் கீழே பதினொன்று இருந்தது.

'11. மாடி வீடு. மணிக்கூண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. தனியாக வாழ்ந்த பெண்ணின் அறை, இருந்தது இருந்தபடியே. மாலை நான்கு முதல் ஆறு வரை. எதையும் தொடக்கூடாது.'

பச்சைக் கதவு அவள் வீட்டுக் கதவு.

அச்சகக்காரருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பதினொண்ணாவதை யார் சேர்த்தது?"

"யாரு சேர்ப்பா? நீங்க குடுத்ததுதாம்மா. புரூஃப் இதோ என் முன்னாடியே இருக்கு. அடியில 'அச்சுக்குப் போகலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எழுதறது முத்து முத்தா, கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி. வேற யாருக்கு வரும் அது?"

"எங்கெல்லாம் போயிருக்கு?"

"ஸ்டேஷன், ஹோட்டல், எல்லா இடத்துக்கும் நேத்தே போயாச்சு. ஏம்மா, தப்பா?"

கையெழுத்து அவளுடையதுதான். மனப்பாடமான தாளை யார் கடைசிவரை படிக்கிறார்கள்? வருடாவருடம் கை தானாகவே கீழ் மூலைக்குப் போய்விடும்.

போகட்டும். யார் வந்து பார்த்தாலும் அவள் அங்கே இருக்கப்போவதில்லை. ஐந்து மணி ரயிலுக்கு டிக்கெட் இருந்தது; இருபது நிமிடத்தில் தங்கையின் ஊர். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை போனில் பேசினாள்.

"அக்கா, உனக்குன்னு ரூமுக்கு வெள்ளையடிச்சு ஒரு வருஷமாச்சு. பல்லிதான் குடியிருக்கு. இந்தத் தடவையும் சாக்கு சொன்னே, நான் இனிமே கூப்பிடவே மாட்டேன்."

"தாள் அச்சாகி வரட்டும். வந்துடறேன்."

"வருஷம் பூரா அதைத்தான் சொல்றே. ஊருக்கே வழி காட்டறே, என் வீட்டுக்கு மட்டும் வழி தெரியல."

அவள் சிரித்தாள். அன்று இரவே பெட்டியைக் கட்டி வைத்தாள். இப்போது வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றரைக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினாள். மணிக்கூண்டின் நிழல் தெருவைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. சந்து முனையில் ஒரு கணவனும் மனைவியும் தாளைப் பிடித்தபடி, ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டிச் சந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களை உரசாத குறையாகக் கடந்து போனாள். இருவரும் நிமிரவில்லை.

பச்சைக் கதவு. பதினெட்டுப் படிகள். காலையில் பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே போனதும் அந்த வாடை. அவள் வீட்டு வாடைதான். இத்தனை வருடங்களில் அவளுக்குத்தான் அது தெரியாமல் போயிருக்கிறது.

பிறகு அட்டைகளைப் பார்த்தாள்.

கட்டிலின் மேல் ஒன்று. மேசையில் ஒன்று. வெள்ளை அட்டை, உருண்டை எழுத்து. அவள் எழுத்து.

'கட்டில். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது.'

'டம்ளர். ஒன்று.'

'தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிக்கும்.'

பெட்டி கதவோரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேலும் ஓர் அட்டை. அந்த எழுத்து மட்டும் பொடியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து படித்தாள்.

'பெட்டி. கட்டி வைக்கப்பட்டது. எடுக்கப்படவில்லை.'

மணிக்கூண்டு அடிக்கத் தொடங்கியது. பிடியை நோக்கிக் கை நீட்டினாள். இரண்டு. மூன்று. விரல் நுனி பிடியின் தோலைத் தொட்டது.

நான்கு.

கை மடியில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று நினைத்தாள். நினைக்க மட்டும்தான் முடிந்தது.

கீழே கதவு திறந்தது. படிகளில் செருப்புச் சத்தம். இரண்டு ஜோடி. அதற்குப் பின்னால் இன்னும். வாசலுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. வரும்போது அது இல்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் முகங்கள். சந்து முனையில் நின்ற இருவரும் முன்னால்.

"ஏங்க, மூச்சு விடற மாதிரியே இருக்கு."

"மெழுகு. எவ்வளவு நுணுக்கமா செஞ்சிருக்கான் பாரு."

"கண்ணுல தண்ணிகூட நிக்குது."

"தொடாதே. போட்டிருக்கு பாரு."

வந்தார்கள். போனார்கள். யாரோ இருமினார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை பேர் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

ஐந்து மணிக்குத் தூரத்தில் ரயில் கூவியது.

அரை மணி கழித்துத் தொலைபேசி அடித்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. அங்கே தன் ஊர் ஸ்டேஷனில் தங்கை ரயிலில் ஒவ்வொரு பெட்டியாகத் தேடிவிட்டு நிற்கிறாள்.

"சத்தம்கூட வெச்சிருக்காங்க," என்றது ஒரு குரல்.

அடித்தது. அடித்தது. நின்றது.

மறுபடி அடிக்கவில்லை.

வெளிச்சம் மங்கியது. கடைசியாக ஒரு பெண் தனியாக வந்தாள். பென்சிலை எடுத்துத் தாளில் பதினொன்றைச் சுழித்தாள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் செய்ததையே செய்தாள்: கயிற்றின் மேல் குனிந்து, நாற்காலியில் இருந்தவளின் மடியைப் பார்த்தாள்.

மடியில் ஓர் அட்டை இருந்தது. அதன் எழுத்து, உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதபடி, வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் பெண் உதடசைத்து அதைப் படித்தாள். முதலில் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பெட்டியை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.