மஞ்சள் கோடு

இன்னும் முறுக்காத நட்டின் மேல் மஞ்சள் கோடு இருந்தது.

லேத்காரர் கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கோடு எங்கேயும் போகவில்லை. காலை வெயில் ஷெட்டின் தகரக் கதவு இடுக்கு வழியே நுழைந்து விமானத்தின் வால் மேல் ஒரு முழ நீளத்துக்குக் கிடந்தது. மரத்தூளும் மேலே போர்த்திய துணிக்கு அடித்த வார்னிஷும் கலந்த அந்த வாடை, இத்தனை வருஷமாக அவர் சட்டையிலும் தலையணையிலும் ஏன் சாப்பிடும் தட்டிலும்கூட ஒட்டிக்கொண்டிருந்த வாடை, அன்றைக்கு என்னவோ புதுசாக மூக்கில் ஏறியது. நட்டைத் தொட்டார். இரண்டு விரலுக்கே சுழன்றது. நேற்று சாயங்காலம் கையால் மாட்டிவிட்டு, மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனவர் அவர்தான். கோடு போட்டது அவர் இல்லை. விரலில் மஞ்சள் பிசுபிசுத்தது.

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கோடு சத்தியம் பண்ணின மாதிரி. ஒருவர் நட்டை முறுக்கி, "முறுக்கியாச்சு" என்பார். இன்னொருவர் தன் ஸ்பேனரை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, நட்டிலிருந்து போல்ட் வரை குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, "பாத்தாச்சு" என்பார். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் காய்ந்த கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு விழுந்த நட்டை அப்புறம் யாரும் தொடக்கூடாது. இந்த ஷெட்டில் அந்த விதியைப் போட்டவர்கள் இரண்டு பேர், அவரும் அவர் மச்சானும்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தச்சு வேலை. எதையும் இரண்டு தடவை அளப்பான் என்பதால் எல்லாரும் அவனை ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் விமானத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து வருஷம் கட்டினார்கள், அதுவரைக்கும் மாமனும் மச்சானும் அப்படி ஒட்டு. யார் முதலில் பறப்பது என்று பேச்சு வந்ததும்தான் இவர் மூஞ்சி தொங்கிப்போயிற்று. பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஸ்கேலைக் கைகாட்டிவிட்டார். அன்று மத்தியானம் ஸ்கேல், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டை ஆட்டும் தண்டின் நட்டைக் கையால் மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன் பண்ணினாள். பேசிக்கொண்டே வெளியே போனான். மூக்குக்கு மேல் கோபத்தோடு உட்கார்ந்திருந்த மனுஷர் பிரஷை எடுத்தார், வாலில் இருந்த ஒன்பது நட்டுக்கும் ஒரே மூச்சில் கோடு இழுத்தார். ஸ்பேனரைக் கையால்கூடத் தொடவில்லை. திரும்பி வந்த ஸ்கேல் கோட்டைப் பார்த்தான். மாமாவே முறுக்கி, பார்த்தும் விட்டார் என்று நம்பினான். விதிப்படி அதை அவன் தொடவில்லை.

மறுநாள் காலையில், முந்நூறு அடி உயரத்தில், விமானத்தின் மூக்கு கீழே கவிழ்ந்தது. தூக்க அவனால் முடியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் நட்டு இல்லாத போல்ட்டை எடுத்துக் காட்டி, இதை முறுக்கும் வேலை யாருடையது என்று கேட்டார்கள். அவனுடையது என்றார் இவர். பொய் இல்லை பாருங்கள், அதுதான் இதில் கேவலம். பழி செத்தவன் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை அளந்தவன் இதில் போய் அசந்துவிட்டானே என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அவன் அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் ஷெட்டுக்குள் கால் வைத்ததும் இல்லை.

ஆறு வருஷம் ஆயிற்று. அதே அளவில் இன்னொன்று கட்டிவிட்டார், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. மச்சான் நினைவாக என்று கேட்பவரிடம் எல்லாம் சொன்னார். உண்மையில் அன்றைக்குக் கிடைக்காத முறை அவருக்கு இன்னும் வேண்டியிருந்தது. பறக்க இரண்டு நாள் பாக்கி. அப்போதுதான் இந்தக் கோடு.

மனைவியிடம் ஷெட்டுக்குள் போனாயா என்று கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே, நான் எதுக்குங்க போறேன் என்றாள். பெயின்ட் புட்டியை எடுத்துப் பார்த்தார். மூடி இறுகி, உள்ளே பெயின்ட் கட்டி தட்டிப் போயிருந்தது.

அன்று மத்தியானம் வரை உட்கார்ந்து வாலின் ஒன்பது நட்டையும் முறுக்கினார். சரியான இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். ஒன்பது டிக்கையும் வாய்விட்டு எண்ணினார். சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால் ஒன்பதிலும் கோடு, ஒரே கையெழுத்துப் போல, நேராக, ஈரமாக. ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். மூன்று நட்டு தொளதொளவென்று சுழன்றது. கோட்டைச் சுரண்டி எடுத்து மறுபடி முறுக்கினார். கடைசி டிக் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, விமானத்தின் வயிற்றுக்குள்ளே, துணிக்கு அந்தப் பக்கம், இன்னொரு டிக் கேட்டது.

அவர் ஸ்பேனர் அவர் மடியில் கிடந்தது.

வெளியே வந்து வெயிலில் நின்றார். தகரம் சூட்டில் விரிகிற சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், தகரம் அப்படிச் சத்தம் போடாது என்பது முப்பது வருஷம் இரும்போடு மாரடித்தவருக்குத் தெரியாதா என்ன. மறுநாள் கோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குளியலறைக் கதவின் கீல் ஆணியில் ஒன்று. கட்டில் கால் போல்ட்டில் ஒன்று. ராத்திரி படுக்கப் போகுமுன் கழற்றிய கண்ணாடியில், காதுப்பிடியைச் சேர்க்கும் எள்ளளவு திருகாணி மேல், முடி கனத்தில் ஒன்று.

இப்படி ஒரு விமானத்தில் எவனாவது ஏறுவானா என்று கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் பறக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கோட்டை நம்ப முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அத்தனை நேராக, உடையாமல் இருக்கிற கோடு பொய் சொல்லும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மனுஷர் ஆறு வருஷத்தை ஓட்டியிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. ஓடுபாதைப் புல்லில் பனி காயவில்லை. ஷெட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்பது நட்டையும் தொட்டுப் பார்த்திருந்தார், இறுகியிருந்தன. அதற்குப் பிறகு அவர் கண் படாமல் விமானம் நின்றது கால் மணி நேரம். வாத்தியார் குனிந்து வாலைப் பார்த்தார். எல்லா நட்டிலும் கோடு, கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்றார். பின் இருக்கையில் ஆள் இல்லாததால் அதன் பெல்ட், விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கில் சிக்காமல் இருக்க, இவரே அதை இழுத்துப் பூட்டிவிட்டு முன்னால் ஏறப் போனார்.

மனைவி வந்திருந்தாள். வர மாட்டாள் என்று நினைத்திருந்தார். இறக்கையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னிக்கு போன்ல அவன் சொன்னான். நட்டு கையால மாட்டினதோட நிக்குது, சீக்கிரம் சொல்லுக்கான்னு."

ஆறு வருஷம். ஆறு வருஷமாக அதே கையால் சோறு போட்டிருக்கிறாள்.

"நீங்க ஸ்பேனர் வெச்சுப் பாத்தீங்களா?"

ஒரே ஒரு சொல் போதும். சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். அவமானம்தான், ஆனால் உயிரோடு இருக்கிற அவமானம். வாத்தியார் காதில் விழும் தூரத்தில் நின்றிருந்தார்.

"பாத்தேன்" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப ஏறுங்க" என்றாள்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. புல் ஓடியது, சக்கரம் தடதடத்தது, பிறகு தடதடப்பு நின்று எல்லாம் வழுக்கிக்கொண்டு கீழே போனது. நூறு அடி. ஸ்டிக் கைக்கு அடங்கி இருந்தது. வேலி, குட்டை, அவளுடைய வெளிர்நீலப் புடவை. இருநூறு அடி. அட, ஒன்றுமே ஆகவில்லையே என்று அவருக்குச் சிரிப்புகூட வந்தது. குளிர்ந்த காற்றோடு பெட்ரோல் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஈரப் பெயின்ட்.

பின்னால் பெல்ட் கழன்றது.

காற்றாக இருக்கும். காற்று பெல்ட்டைக் கழற்றாது. பலகை முனகியது, ஒருவர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால் முனகுகிற மாதிரி. விமானம் பின்பாரம் தாங்கிக் கொஞ்சம் தாழ்ந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

இருநூற்று ஐம்பது.

வாலில் ஒரு டிக். அப்புறம் ஒன்று. இறுக்கும்போது மட்டுமே வருகிற சத்தம் அது. ஆனாலும் கையில் ஸ்டிக் தளர்ந்துகொண்டே வந்தது. எண்ணினார். அவரை அறியாமல் வாய் எண்ணியது. ஏழு. எட்டு.

முந்நூறு.

ஒன்பது.

ஸ்டிக் தொளதொளவென்று ஆடியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். எதிலும் பிடிப்பில்லை. மூக்கு மெல்லக் கீழே கவிழ, கண்ணாடிக்கு முன்னால் வானம் போய்ப் புல் வந்தது. புல்லில் அவள் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. நகத்துக்குள் மரத்தூள். விரலிடுக்கில் பிரஷ். ஸ்டிக்கைப் பிடித்திருந்த அவர் முஷ்டியின் மேல், விரல் மூட்டிலிருந்து இரும்பு வரை, அவசரமே இல்லாமல், நேராக, சில்லென்று, ஒரு கோடு இழுத்தது.

"பாத்தாச்சு, மாமா."