ஏழு நாற்பதுக்குள் ஒரு முடிச்சு

மணி ஏழு முப்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிடம்தான் இருந்தது.

வாசற்கதவுக்குப் பக்கத்தில், தரையில், மகளின் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள் அவள். எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கு எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று சிறப்புப் பள்ளி டீச்சர் சொல்லியிருந்தார். மகளின் ஷூவில் ஒரு பக்கம் சிவப்பு லேஸ், மறுபக்கம் வெள்ளை லேஸ். பதினோரு வயதுப் பெண்ணுக்கு இரண்டு நிறத்திலா லேஸ் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்று அந்தக் குழந்தைக்குப் புரிய வேண்டுமே!

"பட்டாணி... சிவப்பு மேல, வெள்ளை கீழ. ரெண்டையும் இழு... சபாஷ்! இப்ப சிவப்புல ஒரு வளையம் பண்ணு, பாப்போம்..."

பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் இருந்தாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் பட்டாணி. நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டியபடி வளையம் செய்தாள். வெள்ளையை அதைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அப்புறம், தினமும் நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்தினாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவையே பார்த்தாள்.

"அங்க என்னடி பாக்குற? இன்னும் ஒரே ஒரு வேலைதான் கண்ணு... சந்துக்குள்ள தள்ளி இழுத்தா முடிஞ்சுது!"

இதுதான் அம்மாவுக்கு விளங்கவே இல்லை. டீச்சர் சொன்ன முறையே தலைகீழ் முறை. முதல் மாதம் முழுக்க எல்லாவற்றையும் அம்மா கட்டிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். தன் கையால் முடித்தோம் என்கிற சந்தோஷம் அதற்கு முதலில் வர வேண்டும். அது பழகினால் கடைசி இரண்டு படிகள். பிறகு மூன்று. அப்படிப் பார்த்தால் கடைசி இழுப்புதான் பட்டாணி முதன்முதலில் கற்றுக்கொண்டது. கடினமானதையெல்லாம் செய்கிறவள் அங்கே வந்து ஏன் நிற்கிறாள்?

"ஏழு மாசமாச்சு!" சாப்பாட்டு மேசையிலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "நீ கட்டிவிடுவியாம், அவ இழுப்பாளாம்... இதுக்குப் பேரு பாடமா? நல்லா இருக்குடியம்மா!"

"அக்கா, காலையில வேண்டாம்க்கா..."

"நான் என்ன சொல்லிட்டேன்? உண்மையைச் சொன்னா உடம்பெல்லாம் எரியுது உனக்கு!"

அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. பட்டாணியின் அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அவன் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. வீட்டையும் அவன் ஒரு டிப்போவாகத்தான் நினைத்திருந்தான்.

"ஏழு நாற்பது! பள்ளி வேன் வந்து நிக்கப் போவுது, இன்னும் ஒரு ஷூவுக்கே பஞ்சாயத்தா? நகரு நீ!"

அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தான். பட்டாணி சட்டென்று காலை நீட்டினாள். அவன் அவள் கணுக்காலைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்து, இரண்டே இழுப்பில் முடிச்சுப் போட்டான். அடுத்த காலுக்கும் அப்படியே. குழந்தை பற்கள் தெரியச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அரை நிமிடம்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

வேன் பட்டாணியை ஏற்றிக்கொண்டு போன பிறகு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"இன்னிக்குத் தேதி முப்பது. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு மறக்குமா? எங்கோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே சேர்க்கும் படிவம் அது. அவள் அழுது மன்றாடியபோது அவன்தான் கெடு வைத்தான். மாதக் கடைசிக்குள் பட்டாணி தன் ஷூவைத் தானே கட்டிவிட்டால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இல்லாவிட்டால் தாயும் கையெழுத்துப் போட வேண்டும்.

"சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டு வை."

"பெத்த புள்ளைய ஒரு ஷூ லேஸை வச்சா எடை போடுவீங்க? என்னங்க இது அநியாயம்!"

"அநியாயமா? நாளைக்கு நானும் நீயும் போய்ட்டா அவளை யாரு பாப்பா? ஷூவே கட்டத் தெரியாதவ தனியா எப்படிப் பொழைப்பா? யோசிச்சியா நீ?"

"தம்பி சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் ஓரகத்தி. "அவ ரூம் காலியானா என் பையனும் பரீட்சைக்கு நிம்மதியாப் படிப்பான்..."

பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது! ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் பட்டாணியின் அம்மா. அந்த வேலையை இந்தக் குழந்தைக்காக விட்டாள். விட்ட நாளிலிருந்து 'வீட்டில் சும்மா இருக்கிறவள்' என்று பெயர் வாங்கினாள். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டாள். இன்று விழுங்க முடியவில்லை. கோபத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சிறப்புப் பள்ளிக்குப் போனாள்.

அந்தக் கோபத்துக்கு முதலில் அகப்பட்டவர் டீச்சர்தான்.

"ஏழு மாசமா நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்! ரெண்டு கலர் லேஸுன்னீங்க, வாங்கினேன். பக்கத்துல உக்காருன்னீங்க, முதுகு ஒடிய உக்காந்தேன். இன்னிக்கு என் புள்ளைய என்கிட்டேர்ந்து பிரிக்கப் போறாங்க டீச்சர்! உங்க முறை எதுக்கு உதவுச்சு? சொல்லுங்க!"

டீச்சர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா பேசுறீங்க? உங்க பொண்ணு கட்டுறாளே!"

"என்னது?"

"ரெண்டு மாசமாவே கட்டுறா. வீட்ல பாத்திருப்பீங்கன்னுதான் நான் தனியா சொல்லல. வாங்க இப்படி."

விளையாட்டு வகுப்புக்குப் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாணியின் இரண்டு ஷூக்களும் கட்டி முடிந்திருந்தன. அவள் மூக்கொழுக அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே அல்ல, பக்கத்தில். "அழாத... மேல, கீழ, இழு" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். சந்துக்குள் தள்ளினாள். இழுத்தாள். "சபாஷ்!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு அழுகை வந்தது. அடுத்த நொடியே அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டி... ஏன்டி வீட்ல மட்டும் கட்ட மாட்டேங்குற? அம்மா எவ்ளோ பேச்சு வாங்குறேன் தெரியுமா? என்னை ஏமாத்துறியாடி நீ?"

பட்டாணி மிரண்டுபோனாள். உதடு பிதுங்கியது. வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

"நான் கட்டிட்டா... அப்பா வர மாட்டாரே..."

அவள் மகளின் தோளை விட்டாள்.

உண்மைதானே! மூன்று வயதில் மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்ன நாளோடு அவன் மகளைத் தூக்குவதை விட்டான். சாப்பிடும்போது அவன் தனி. யாராவது வீட்டுக்கு வந்தால், "பொண்ணு தூங்குறா" என்பான். நாள் முழுவதிலும் அவன் கை அந்தக் குழந்தையின்மேல் படுவது காலை ஏழு நாற்பதுக்கு மட்டும்தான். தாய்க்குப் பிடிபடாத கணக்கு மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்குப் பிடிபட்டிருந்தது!

மாலையில் அவன் வந்தபோது படிவம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

"கையெழுத்து எங்க?"

"போட மாட்டேன்."

"பேச்சு மாறாத! கெடு முடிஞ்சுது..."

"கெடுவா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அவ ஜெயிச்சுட்டா! பள்ளிக்கூடத்துல அவ ஷூவை அவதான் கட்டுறா. மத்த பிள்ளைங்களுக்கும் கட்டிவிடுறா. என் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன்!"

ஓரகத்தி சிரித்தேவிட்டாள். "கேக்குறவன் கேனையா இருந்தா எதை வேணா சொல்லுவியா? எங்க, கூப்பிட்டுக் கட்டச் சொல்லு பாப்போம்!"

பட்டாணி வந்தாள். அப்பா நிற்பதைப் பார்த்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மேல, கீழ, வளையம், சுற்று. நிறுத்தினாள். காலை நீட்டினாள்.

"அப்பா கட்டு."

"பாத்தீங்களா தம்பி? பொய்யும் புரட்டும்!" என்று ஓரகத்தி கையை விரித்தாள்.

"நீங்க வாயை மூடுங்கக்கா!" பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் அந்த வீட்டில் எழுந்தது. ஓரகத்தியின் கை விரித்தபடியே நின்றது. பட்டாணியின் அம்மா கணவன் பக்கம் திரும்பினாள். "ஏன் கட்டலன்னு கேளுங்க. என்கிட்ட இல்ல, அவகிட்ட கேளுங்க! எட்டு வருஷமா அவகிட்ட நீங்க ஒரு கேள்வி கேட்டதில்லையே... இன்னிக்குக் கேளுங்க!"

அவன் தயங்கினான். "ஏன்... ஏன்மா கட்டல?"

"கட்டிட்டா நீ போயிடுவ."

பட்டாணியின் அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"கேட்டுதா?" அவளுக்குக் கண்ணீர் கொட்டியது, ஆனால் குரல் இறங்கவில்லை. "அந்த அரை நிமிஷத்துக்காகத் தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வச்சிருக்கா. உங்க கை படணும்னு மக்குன்னு பேர் வாங்கிக்கிறா! அவளுக்குத் தெரியலங்க... எது அவளை உங்ககிட்ட கூட்டிட்டு வருதோ அதை வச்சே நீங்க அவளை நாடு கடத்தப் பாக்குறீங்கன்னு தெரியல! தெரிஞ்சா அந்த நெஞ்சு தாங்குமா? அவளுக்குக் குறைன்னு சொன்னீங்களே, குறை யாருக்குங்க? சொல்லுங்க! யாருக்கு?"

அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

"எதிர உக்காராதீங்க," என்றாள் அவள். "பக்கத்துல உக்காருங்க."

நகர்ந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் அவள் முதுகில் வைத்தான்.

"நீ கட்டு... அப்பா போகல. கட்டினாலும் போக மாட்டேன்."

பட்டாணி நம்பவில்லை. வளையத்தைப் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள். சந்துக்குள் பாதி தள்ளிவிட்டு மறுபடி பார்த்தாள். அவன் அங்கேயே இருந்தான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். முடிச்சு விழுந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான். அவன் உடைந்துபோனான். மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். ஓரகத்தி படிவத்தை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினாள்.

"நான்தான் அந்த இல்லத்தைப் பத்தித் தம்பிகிட்ட எடுத்துக் கொடுத்தேன்..." என்றாள் தாழ்ந்த குரலில். "என் புத்திய செருப்பால அடிக்கணும்..."

"அடிக்க வேண்டாம்க்கா. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க, போதும்."

ஓரகத்தி கிழித்தாள்.

அவன் தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். "என்னை மன்னிச்சுடு... நான் மனுஷனே இல்ல..."

எத்தனையோ வருடமாக இந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். இது வரும் நாளில் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்வோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நெஞ்சுக்குள் எரிந்த நெருப்பு இன்னும் அணையவில்லை. அதை அவசரமாக அணைக்கவும் அவளுக்கு மனமில்லை.

பட்டாணி அப்பாவின் பிடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தாள். கட்டிய முடிச்சைத் தானே இழுத்து அவிழ்த்தாள். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

அவன் எழப் போனான்.

"எங்க எந்திரிக்கிறீங்க?" என்றாள் அவள். "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அவ இன்னும் கட்டி முடிக்கல. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான்.