பச்சை பூசிய தூண்

செத்தவனின் கையில் காப்பிக் கோப்பையின் பிடி இருந்தது. கோப்பையைக் காணவில்லை.

நாற்பதடிக்கு மேலே, அவன் வீட்டை ஒட்டிக் கடல் பக்கம் நீட்டிய பலகை டெக்கில், ரெயிலிங்கையும் காணவில்லை!

டன்லின் முனையில் அது ஒரு வழக்கமான காலைதான். மழை என்று சொல்ல முடியாது. மூடுபனி என்றும் சொல்ல முடியாது. ஆரிகன் கடற்கரையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வானத்துக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

டிடெக்டிவ் சிர்க்கா டெக்கில் கால் வைத்தாள். மீதமிருந்த ரெயிலிங்கின் பக்கம் நடந்தாள். நின்றாள். எட்டிப் பார்த்தாள்.

கீழே, அலை நனைத்த பாறைகளின் மேல், விடுதிக்காரன் ஆர்மஸ் ஹௌடலா குப்புறக் கிடந்தான். உயிரோடிருந்தபோது ஊரில் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் ஓசியில் கொடுத்தவன் இல்லை. இப்போது கடல் அவனுக்கு வேண்டிய மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்."

கேட்டவர் டெப்டி டூயி. டெக்ஸாஸின் வறண்ட பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு ஜோடி சாக்ஸ் கூட முழுசாய்க் காயவில்லை.

"கேளுங்க."

"இந்த ஊர்ல எல்லாரும் ஏன் ரெயிலிங்கை இடுப்பால இடிக்கறீங்க?"

"யாரு இடிச்சா?"

"இப்ப நீங்கதான்..."

"நானா?"

சிர்க்கா யோசித்தாள். இடித்திருக்கலாம். ஞாபகம் இல்லை.

பிறகு அவளே விளக்கினாள். இந்த ஈரத்தில் மரம் வெளியிலிருந்து உளுத்துப் போவதில்லை. உள்ளேயிருந்து போகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே தூண் டீயில் ஊறிய ரஸ்க்காக இருக்கும். அதனால் டெக்கில் ஏறினால் முதலில் இடுப்பால் ஓர் இடி. தாங்கினால்தான் பக்கத்தில் நிற்பார்கள். அப்போதும் சாய மாட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுகின்றன.

"நான் ரெண்டு மாசமா எல்லா ரெயிலிங்லயும் சாஞ்சுக்கிட்டுல்ல நிக்கறேன்?" என்றார் டூயி.

"பாத்தோம். எந்த வாரம் போவீங்கன்னு ஸ்டேஷன்ல பந்தயமே கட்டியிருக்கோம்."

சிர்க்காவின் ஃபோன் அடித்தது.

ஷெரிஃப்! அடுத்த மாதம் தேர்தலில் நிற்கிறார். அதனால் இந்த மாதம் முழுக்கக் குற்றத்தைக் கண்டு கொதித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன் போட்ட ரெயிலிங் விழுந்து ஒருவன் செத்திருக்கிறான், போட்டவள் புதுசாய் லைசென்ஸ் வாங்கிய பெண், இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்டார். மத்தியானத்துக்குள் அவளை உள்ளே வைக்கச் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் சாப்பிட வருகிற நேரமாம்.

"உள்ள வைக்கறது சுலபம் சார். தப்பா வெச்சுட்டா வெளிய எடுக்கறதுதான் தேர்தல் நேரத்துல சிரமம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

* * *

சமையலறையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரோண்டா உட்கார்ந்திருந்தாள். ஆர்மஸின் மனைவி. வீடும் விடுதியும் ஒன்றே; அது அவள் பேரில் இருந்தது. அரிசோனா வெயிலில் வளர்ந்த உடம்பு. இங்கே வந்ததிலிருந்து அவளுக்கு ஜலதோஷம் ஒன்றுதான் விட்டுப் பிரியாத துணை.

போதும் இந்த ஊர் என்று விடுதியை விலை பேசிவிட்டாள். ஆர்மஸ் முதலில் பேயாட்டம் ஆடினான். ஒரு வாரமாக அடங்கிப்போயிருந்தான்.

தினமும் காலையில் அவள் டெக்கின் அந்த மூலைக்குப் போவாள். மழைக்கோட்டோடு ரெயிலிங்கில் முழங்கையை ஊன்றி, முழு உடம்பையும் சாய்த்து, கடல் காக்கைகளுக்கு ரொட்டி வீசுவாள். ரெயிலிங்கில் சாய்கிற ஒரே பெண்பிள்ளை என்று ஊரே சிரித்தது.

இன்று ஆர்மஸ் முந்திக்கொண்டான். இரண்டு காப்பி போட்டான். அந்த மூலையில் சின்ன மேஜையை இழுத்துப் போட்டு, பால் விட்டதை அவளுக்காக அதன் மேல் வைத்தான். வா வா என்று குரல் கொடுத்தான். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்... மடமடவென்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"தினம் அவர்தான் காப்பி போடுவாரா?" என்று சிர்க்கா கேட்டாள்.

"கல்யாணமானதுலேர்ந்து இதான் முதல் தடவை," என்று சொன்ன ரோண்டாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இப்பதான் என்னைப் பிடிக்க ஆரம்பிச்சுதுன்னு நெனச்சேன்."

வெளியே வந்ததும் டூயி காதருகே குனிந்தார். விற்கக் கூடாதென்று மறித்த புருஷன் இப்போது இல்லை, பெண்டாட்டி மேல் ஒரு கண் வைக்கலாமா என்று கேட்டார். சிர்க்கா இரண்டு கண்ணையும் வைத்திருப்பதாகச் சொன்னாள்.

* * *

பிக்அப் வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஐலி கோஸ்கி ஓடி வந்தாள். இருபத்தாறு வயது. இந்த ரெயிலிங்தான் அவள் சொந்தப் பெயரில் எடுத்த முதல் பெரிய வேலை.

டெக்கில் ஏறினாள். ஓர் இடி! பிறகுதான் மூச்சு வாங்கினாள். டூயி புருவத்தை உயர்த்தினார்.

"அக்கா... நான் துருப்பிடிக்காத போல்ட்தான் போட்டேன். உப்புக்காத்துக்கு சாதா போல்ட் தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தூணையும் கீழ உத்தரத்தோட முடுக்கினேன். யானை வந்து முட்டினாலும் அது நிக்கணும்க்கா."

"ஆர்மஸ் முட்டினதுக்கே நிக்கலையே."

ஐலியின் முகம் சுருங்கியது. போன வாரம் காப்பிக் கடையில் ஆர்மஸ் அவளை நாலு பேர் முன்னால் நாறடித்திருந்தான். ரெயிலிங் ஆடுகிறது, ஒருநாள் ஆளைக் கொல்லப் போகிறது என்று கத்தினான். அவள் ஓடி வந்து பார்த்தாள். ஆடவில்லை. அதைச் சொல்ல அவளிடம் சாட்சி இல்லை.

"என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவீங்களா?"

"அதுக்குத்தான் ஷெரிஃப் தவிச்சுக்கிட்டிருக்காரு. மொதல்ல உன் வேலையைக் காட்டு."

இரண்டு தூண்கள் ரெயிலிங்கோடு பாறைக்குப் போயிருந்தன. மூன்றாவது, ஓரமாய், தள்ளாடியபடி நின்றது. ஐலி மண்டியிட்டாள். தூணின் அடியைச் சுற்றியிருந்த அலங்காரப் பட்டையை மேலே தூக்கினாள்.

உறைந்தாள்!

தரைமட்டத்தில் தூண் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பட்டைதான் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

"இது நான் அறுத்ததில்லக்கா."

சிர்க்கா குனிந்தாள். அறுத்த முகத்தைத் தொட்டாள். பிசுக்கென்றிருந்தது. விரலில் ஒட்டிய நிறம்... பச்சை!

உளுத்துப் போகாமலிருக்க மரத்துக்குப் பூசுகிற மருந்து. இந்தக் கடற்கரையில் மரத்தை அறுத்தவன் வெட்டுமுகத்தைச் சும்மா விட மாட்டான். ரம்பத்தைக் கீழே வைக்கும் முன்பே கை பிரஷைத் தேடும்.

"கொலை பண்ண வந்தவன், மரம் கெட்டுடக் கூடாதுன்னு கவலைப்பட்டிருக்கான்," என்றாள் சிர்க்கா. "எவ்வளவு நல்ல மனசு!"

அரிசோனாக்காரி ரோண்டாவுக்கு இந்த மருந்தின் பேர் கூடத் தெரியாது. கணக்கிலிருந்து ஒரு ஆள் கழிந்தது.

டூயி தொண்டையைச் செருமினார். கண்ணால் காட்டினார்.

ஐலியின் பத்து விரல்களும் பச்சை.

"தினம் இதே வேலைதானேக்கா எனக்கு... எப்படிப் போகும்?" என்றாள் ஐலி.

மறுபடி ஃபோன். மறுபடி ஷெரிஃப். அறுத்த தூண் என்றதும் அவர் குரலில் தேனாறு ஓடியது. அஜாக்கிரதையைவிடக் கொலை நல்ல செய்தி. கைவிலங்கு போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டோவில் விலங்கு தெரிய வேண்டுமாம்.

டூயி விலங்கை எடுத்தார். ஐலி இரண்டு கைகளையும் நீட்டினாள். சிர்க்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். சண்டை இருக்கிறது, சண்டைக்குச் சாட்சி இருக்கிறது, பச்சை விரல் இருக்கிறது. இல்லை என்று சொல்லத்தான் ஒன்றும் இல்லை.

அப்போது பாறையிலிருந்து டாக்டர் வைனோ மூச்சிரைக்க ஏறி வந்தார். ஊரின் பிரேதப் பரிசோதனைக்காரர். நோயாளிகள் யாரும் தன்னைப் பற்றிப் புகார் சொன்னதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

"டாக்டர், அந்த ஓரம் போகாதீங்க. அந்தத் தூணும் அறுபட்டிருக்கு," என்றாள் சிர்க்கா.

"கேட்டுது, கேட்டுது. எனக்கென்ன காது செவிடா? தொட்டா போயிடும். தெரியுதும்மா."

சொல்லிக்கொண்டே வந்தார்.

ஓரத்துக்குப் போனார்.

இடுப்பால் ஓர் இடி!

தூண் சாய்ந்தது. ரெயிலிங் வெளிப்பக்கம் விரிந்தது. டாக்டரின் ஒரு கால் வெறும் காற்றில்...

சிர்க்கா பாய்ந்து அவருடைய மழைக்கோட்டு பெல்ட்டைப் பிடித்தாள். டூயி விலங்கை வீசிவிட்டு சிர்க்காவைப் பிடித்தார். ஐலி டூயியைப் பிடித்தாள். நால்வரும் ஈரப் பலகையில் மல்லாந்து விழுந்தார்கள். ரெயிலிங் கீழே போய் ஆர்மஸுக்குத் துணையாகப் படுத்தது.



"டாக்டர்..." சிர்க்கா மெதுவாகக் கேட்டாள். "அறுபட்டிருக்குன்னு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் இடிச்சீங்க?"

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "இடிச்சேனா?"

சிர்க்கா எழுந்து உட்கார்ந்தாள். அவள் பார்வை மூலையிலிருந்த சின்ன மேஜைக்குப் போனது. அதன் மேல் பால் விட்ட காப்பி, ஆறி, ஆடை கட்டி, ரோண்டாவுக்காக இன்னும் காத்திருந்தது.

"ஆர்மஸோட விரலைப் பாத்தீங்களா?"

"அதைச் சொல்லத்தான் ஏறி வந்தேன். நகக்கண்ணுல பச்சை. தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ச்சிருக்கான். அது ஒரு வாரத்துக்குப் போகாதேம்மா?"

"டூயி, வீட்டுக்குப் பின்னால அவரு நீராவிக் குளியல் அறை இருக்கும். எல்லா வீட்லயும் இருக்கு, ரம்பம் பிரஷ்ஷெல்லாம் அங்கதான் போட்டு வைப்பாங்க. போய்ப் பாருங்க."

டூயி ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் ரம்பம், மறு கையில் மருந்து டப்பா. பிரஷ் சுத்தமாகக் கழுவி ஆணியில் மாட்டியிருந்ததாம்.

"அப்ப கொலைகாரன்...?"

"கீழே கிடக்கான்."

டூயி வாயைப் பிளந்தார்.

"வீட்டை விக்கறவ போயிட்டா வீடு இவனுக்கு," என்றாள் சிர்க்கா. "ஊர்ல யாருமே ரெயிலிங்ல சாய மாட்டாங்க, இவ ஒருத்திதான் சாய்வா. அறுத்து வெச்சா போதும். பழியைப் போடறதுக்கு அனுபவம் இல்லாத ஒரு புதுப் பொண்ணு. அதுக்குத்தான் பாத்துப் பாத்து ஐலியைக் கூப்பிட்டிருக்கான். காப்பிக் கடையில முன்கூட்டியே சத்தமும் போட்டு வெச்சான். எல்லாம் பிரமாதம். மனுஷன் நேத்து ராத்திரி அறுத்தான், பிறந்த ஊர் புத்தி, மருந்தும் பூசிட்டான். காலையில பெண்டாட்டிக்கு மேஜை போட்டான், காப்பி வெச்சான், 'வா'ன்னு கூப்பிட்டான்... திரும்பும்போது இடுப்பு சும்மா இருக்குமா?"

டாக்டர் தன் இடுப்பைச் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஐலி இரண்டு கைகளையும் முகத்தில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். டூயி தரையில் கிடந்த விலங்கை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி பைக்குள் போட்டுக்கொண்டார்.

சமையலறை வாசலில் ரோண்டா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ! கம்பளி நழுவித் தரையில் கிடந்தது. நேராக மேஜைக்கு வந்தாள். காப்பிக் கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சர்க்கரை கூடப் போடல பாவி," என்றாள். மிச்சத்தைப் பாறைப் பக்கம் ஊற்றினாள். பிறகு ஐலியின் தோளைத் தொட்டாள்.

"எழுந்திரும்மா. திரும்பவும் நீயே போட்டுக் கொடு. வீடு வாங்க வர்றவங்க விழுந்துடக் கூடாதில்ல? நல்ல மரமாப் போடு. நான் கடைசியா ஒரு நாள் சாஞ்சுட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

ஃபோன் அடித்தது. யாரை அழைத்து வருகிறாய் என்று ஷெரிஃப் ஆவலாகக் கேட்டார்.

"கொன்னவனும் செத்தவனும் ஒரே ஆளு சார். விலங்கு வேண்டாம், ஸ்ட்ரெச்சர் போதும். வேணும்னா போட்டோவுக்கு நீங்க வந்து பக்கத்துல படுத்துக்கங்க."

மறுமுனை சட்டென்று செத்தது.

சிர்க்கா வாசல் படியிறங்கினாள். டூயி நோட்டைத் திறந்தபடி பின்னால் ஓடி வந்தார்.

"மேடம், சாவுக்குக் காரணம்னு என்ன எழுதறது?"

படிக்கட்டு ரெயிலிங்கை இடுப்பால் ஓர் இடி இடித்துவிட்டு சிர்க்கா சொன்னாள்:

"பழக்க தோஷம்னு எழுதுங்க."