சூடு ஆறாத டயர்

மொதல்ல கண்ணாடிக்கடை பவருக்கு அது மழைச் சத்தம்னுதான் பட்டுச்சு. அப்புறம்தான் அது ஷெட்டுப் பக்கத்துலேர்ந்து வர்றது தெரிஞ்சுது. அகலமான டேப்பைத் தரையில ஒட்டி, அதை ரொம்ப மெதுவா, ரொம்பப் பொறுமையா உரிச்சா எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். கொஞ்சம் வரும், நிக்கும், யாராவது கேட்டுட்டாங்களான்னு பாத்துட்டு மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி வரும்.

சமையல்கட்டுல மழையில நனைஞ்ச தலையைத் துவட்டிட்டு இருந்தவர் துண்டைக் காதுலேர்ந்து எடுத்தார்.

"உனக்கு ஏதாவது கேக்குதா?"

"உங்க சின்ன வீடு கூப்பிடுதுபோல"ன்னாங்க அவர் மனைவி, திரும்பிக்கூடப் பாக்காம. காருக்கு அவங்க வெச்ச பேரு அது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். லென்ஸ் பவர், லென்ஸ் பவர்னே பேசிட்டு இருக்கறதால கடைத்தெருவுல எல்லாருக்கும் அவர் 'பவர்'. வீட்டை ஒட்டின ஷெட்டுல நிக்கறது ரெண்டே சீட்டு உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார், அவர் பொண்ணைவிட வயசுல மூத்தது. விளக்கு போட்டா முன்னாடி ரெண்டு மூடியும் இமை மாதிரி எழும்பும், அணைச்சா படுத்துக்கும். அதை ஓட்டறதுக்காகவே வாரம் பூரா கடையில உக்காந்திருக்கற மனுஷன் அவர்.

நாளைக்குக் காலையில ரேஸ் ட்ராக்கைப் பொதுஜனங்களுக்குத் திறந்து விடறாங்க. யார் வேணாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். போன தடவை போனப்ப ஒரு வளைவுல டயர் வழுக்கி, வண்டி பம்பரமா சுத்தி, தடுப்புச் சுவரைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுது. பக்கத்து சீட்டுல பொண்ணு. ஒரு சத்தம் போடலை அவ. தூசி அடங்கினதும் ஹெல்மெட்டைத் திருப்பி, "மறுபடி போலாமாப்பா?"ன்னு கேட்டா. அன்னைலேர்ந்து பவருக்குச் சரியாத் தூக்கம் இல்லை. அவ பயப்படலையே, அதான் அவருக்குப் பயம்.

"வழுக்காத டயரா மாத்துங்க. இல்லேன்னா அவளை அனுப்ப மாட்டேன்"ன்னு மனைவி கறாரா சொல்லிட்டாங்க.

டயர்க்காரர் நல்ல மனுஷன்தான். ஒவ்வொண்ணா உருட்டிக் காமிச்சார்.

"இது கல்லு மாதிரி சார். வருஷக்கணக்கா ஓடும், ஆனா வளைவுல உங்களைக் கைவிட்டுடும். இது நடுத்தரம். ட்ராக்குக்கும் சரி, வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கும் சரி. பழைய வண்டிக்கு இது போதும். டயர் ரோட்டை ரொம்பப் பிடிச்சுதுன்னா வண்டி தாங்காது."

பவர் கண்ணு அவருக்குப் பின்னாடி, சுவரோரமா கறுப்பு பிளாஸ்டிக்ல சுத்தி அடுக்கி வெச்சிருந்த நாலு டயர் மேல இருந்துது. ஓரத்துல கிழிஞ்ச எடத்துல விரல் விட்டு நகத்தால அழுத்தினார். நகம் மெழுகுல எறங்கற மாதிரி எறங்குச்சு. எடுத்த பிறகும் அந்தத் தடம் எழும்பி வரவே இல்லை.

"அது விக்கறதுக்கு இல்ல சார். ஒருத்தர் கழட்டிப் போட்டுட்டுப் போனது. உங்க வண்டி மாதிரியே வண்டி."

"வளைவுல நிக்குமா?"

"நிக்கும். அதைப் பத்தி யாரும் குறை சொன்னதில்ல."

"என் பொண்ணு பக்கத்துல உக்காரப் போறா. எனக்கு விடாத டயர்தான் வேணும்."

டயர்க்காரர் கையைத் துணியில துடைச்சார். துடைச்ச கையையே மறுபடி மறுபடி துடைச்சார். "அவரும் இதையேதான் சார் சொன்னாரு."

கடைசியில பவர் பிடிச்ச பிடியில டயர்க்காரர் குடுத்துட்டார். மாட்டி முடிச்சு, காத்து பாத்து, வண்டி கிளம்பற நேரத்துல ஜன்னல்கிட்ட குனிஞ்சு சொன்னார். "ஓட்டி முடிச்சதும் அப்படியே நிறுத்திடாதீங்க. சூடா இருக்கும்போது அந்த ரப்பர் நின்ன எடத்தைப் பிடிச்சுக்கும். மெதுவா ஒரு சுத்து சுத்தி, ஆறவிட்டு நிறுத்துங்க. சூட்டோட மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க சார்."

சாயங்காலம் ஊருக்கு வெளிய காலி ரோட்டுல ஓட்டிப் பாத்தார். ரோடே கையை நீட்டி வண்டியைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துது. வளைவுல ஒரு நூல் விலகலை. சந்தோஷத்துல ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டினார். அப்ப மழை பிடிச்சுது. மேல வெட்டு வெட்டா பட்டன் இல்லாத மொழுமொழு டயர், தண்ணியில போனா சறுக்கிடுமேன்னு அடிச்சுப் பிடிச்சு வந்து நேரா ஷெட்டுக்குள்ள விட்டு ஷட்டரை இறக்கினார். ஆறவிடற ஞாபகமே வரலை.

இப்ப, சமையல்கட்டுலேர்ந்து ஷெட்டுக்குப் போற சின்னக் கதவைத் திறந்தார்.

எரிஞ்ச ரப்பர் நாத்தம், ஈரச் சிமெண்ட் வாடை, அதுக்கு அடியில கருகின முடி மாதிரி ஒண்ணு. குண்டு பல்பு லேசா ஆடிட்டு இருந்துது, அது ஆட ஆட வண்டியோட நிழல் சுவர்ல சாஞ்சு நிமிர்ந்துது. முன் சக்கரம் ரெண்டும் திரும்பி இருந்துது. நேரா வெச்சுட்டுப் போனது அவருக்கு நல்லா ஞாபகம். இப்ப ரெண்டும் வீட்டுக் கதவைப் பாத்துட்டு நின்னுது.

ஸ்டியரிங் தளர்ந்திருக்கும், பழைய வண்டிதானேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். பானட்டைத் தொட்டார். ஜில்லுன்னு இருந்துது. டயரைத் தொட்டார்.

காய்ச்சல்ல கெடக்கற குழந்தையோட நெத்தி மாதிரி சுட்டுது.

ரப்பர் வாடை வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு, சுவருக்குப் பட்டி பூசற தகடை எடுத்துக்கிட்டு வீட்டுப் பக்க முன் சக்கரத்துக்கிட்ட முட்டி போட்டார். இந்த மாதிரி டயர் ரோட்டுல கெடக்கறதையெல்லாம் ஒட்டிக்கும், சுரண்டி எடுத்துட்டாதான் நாளைக்கு ஓட்ட முடியும். சின்னக் கல்லு, இலைத் துணுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு. தகடை இன்னும் கொஞ்சம் அழுத்தினதும் ஒரு துணி நூல் வந்துது. வெள்ளை நூல். அதுக்கு அடியில, ரப்பருக்குள்ளேயே புதைஞ்ச மாதிரி, முடி.

நீளமான முடி. இழுத்தார். வந்துது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்துது. ஒரு கொத்தா, ஈரமா, கை நிறைய. நுனி வரவே இல்லை.

அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ லேசா இழுத்தாங்க.

கையிலிருந்ததை உதறிட்டு, எழுந்திருக்க இடது கையை டயர் மேல ஊணினார்.

கை வரலை.

மொதல்ல சிரிப்புதான் வந்துது. பசை மாதிரி இருக்கேன்னு மெதுவா இழுத்தார். அப்புறம் வேகமா இழுத்தார். உள்ளங்கைத் தோல் கூடாரம் மாதிரி எழும்பி நின்னுது, ரப்பரும் கூடவே எழும்புச்சு. ரெண்டும் எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. நடுவுல தகடை நுழைச்சுப் பாத்தார். வலிச்சுது. ஜாக்கி அந்த மூலையில. போன் சமையல்கட்டுல.

சத்தம் வந்துது. சர்ர்ர்னு, மெதுவா. ரொம்பப் பக்கத்துல.

அப்பதான் மேல பாத்தார். பக்கத்து சீட்டுல ஹெல்மெட் தெரிஞ்சுது.

"குட்டிம்மா?" அவருக்கு ஒரு நிமிஷம் உயிரே வந்துது. "எப்படா வந்தே? அப்பா கை மாட்டிக்கிச்சு. இறங்கி, அம்மாவைக் கூட்டிட்டு வா. டயரை மட்டும் தொட்டுடாத."

ஹெல்மெட் அசையலை.

"விளையாடாதடா. வலிக்குது."

கதவு தட்டற சத்தம். வீட்டுப் பக்கக் கதவு.

"அப்பா, குளிக்க வெந்நி ரெடி. அம்மா வரச் சொல்றாங்க. நான் உள்ள வரவா?"

பொண்ணு குரல். கதவுக்கு அந்தப் பக்கம்.

பவர் மறுபடி மேல பாத்தார். கார் ஜன்னல்ல உள்பக்கமா மூச்சு பட்டு, கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துது.

"அப்பா? நாளைக்குப் போக வண்டியைத் துடைக்கணும்ல, நானும் ஹெல்ப் பண்றேனே." கைப்பிடி கீழ இறங்குச்சு.

அவ வந்தா அவரைப் பிடிச்சு இழுப்பா. முதல் காரியமா அதைத்தான் செய்வா. டயர்ல காலை ஊணி இழுப்பா.

"உள்ள வந்தே, காலை ஒடிச்சுடுவேன்!"

கைப்பிடி நின்னுது. பிறந்ததுலேர்ந்து அவளை அப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

"போ அந்தப் பக்கம்! நாளைக்கு நீ வர வேணாம். உன்னைக் கூட்டிட்டுப் போற உத்தேசமே எனக்கு இல்ல. போ!"

கூரை மேல மழை அடிச்சுட்டு இருந்துது.

"சரிப்பா."

கைப்பிடி மேல ஏறுச்சு. செருப்புச் சத்தம் போச்சு. இன்னொரு கதவு சாத்துற சத்தம். இனி அவ வர மாட்டா. கோவம் வந்தா பொழுது விடியற வரைக்கும் பேச மாட்டா. அது அவருக்குத் தெரியும். அதுக்காகத்தான் சொன்னார்.

பல்பு அணைஞ்சுது.

இருட்டுல, முன்னாடி, ரெண்டு மூடியும் எழும்புச்சு. விளக்கு எரிஞ்சுது. எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பின வெளிச்சத்துல ஹெல்மெட் அவர் பக்கம் திரும்பறது தெரிஞ்சுது. முகத்தை மூடற கண்ணாடிக்குப் பின்னாடி முகம் இல்லை. முடி. கண்ணாடி முழுக்க, அழுந்தி, ஈரமா, முடி.

"போலாமாப்பா?"

அவர் பொண்ணோட குரல் இல்லை. யாரோட பொண்ணோ.

இஞ்சின் ஓடலை. சக்கரம் நகர்ந்துது.

கதவைப் பாத்து. வீட்டைப் பாத்து.

பவர் கை கூடவே போச்சு. மணிக்கட்டு திரும்புச்சு. முட்டி சிமெண்ட்ல தேஞ்சுது. கத்தலை. கத்தினா அவ வந்துடுவா. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தரையில படுத்தார். ஏத்தத்துல நிக்கற வண்டிக்குக் கல்லு வெப்பாங்களே, அந்த மாதிரி, சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவுல தன் தோளைக் குடுத்தார்.

சக்கரம் நின்னுது.

சூடா இருந்துது. அந்தச் சூடு சட்டையைத் தாண்டித் தோள்ல வந்து ஒட்டுச்சு.

கதவிடுக்கு வழியா சமையல்கட்டு வெளிச்சம் ஒரு கோடா அவர் முகத்துல விழுந்துது. உள்ள மனைவி என்னமோ கேட்டாங்க. பொண்ணு பதில் சொல்லலை.

சர்ர்ர்னு அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பிச்சுது. மெதுவா. பொறுமையா.

இப்ப அது தரையிலேர்ந்து வரலை.